ஹோல்டான்

மயக்க டாக்டர் மதுரையிலிருந்து வரவேண்டும்.
செவ்வாயும் வெள்ளியும்தான் வருவார்.
கபிலேஷுக்கோ வாரம் ஐந்து நாள் கதிர்,
மொத்தம் முப்பது.
கணக்கு உதைத்தது.

முதல் வெள்ளி மயக்கத்தில் முடிந்தது.
விடிந்ததிலிருந்து பச்சைத்தண்ணீர் படாத வாய்
பதினொரு மணிக்கு விழித்து
இட்லி கேட்டது, தின்றது, கக்கியது,
மறுபடி இட்லி கேட்டது.
நாலே முக்கால் வயசு.

முழித்திருந்தே செய்து பார்ப்போம் என்றேன்.
ஜாஸ்மின் மேடம் விரலிடுக்கில் காட்டினார்:
ஓர் உளுந்து அகலம்.
அதற்குமேல் தலை அசையக்கூடாது.

வெந்நீரில் போட்டால் தொளதொளக்கும் வலை
முகத்தில் ஆறும்போது மூக்கையும் தாடையையும் பிடித்துக்கொள்ளும்.
தன் மூஞ்சியைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தான்.
"இதுல ஏன் கண்ணு தொறக்கல?"
சிங்கம் வரையவா, புலி வரையவா என்றேன்.
"போர்டு எழுதுங்க."
நெற்றியில் எழுதினேன்:
காரைக்குடி – திருப்பத்தூர்
வழி: பிள்ளையார்பட்டி.

வீட்டில் அவன் அம்மா
மாவுச் சல்லடையை முகத்தில் கவிழ்த்து
நூறு எண்ணிப் பழக்கினாளாம்.
எழுபதுவரை தாங்கினான்.

ஆனால் கதவு இருக்கிறதே.
யானைக் கனத்தில் ஓர் ஈயக் கதவு,
எல்லோரும் இந்தப் பக்கம்,
பிள்ளை மட்டும் அந்தப் பக்கம்.
எப்படிச் சொன்னாலும் அது
தண்டனை மாதிரிதான் கேட்கும்.

ஒத்திகையன்று அலறினான்.
மைக்கில் நான்
ஒன்பது வருஷமாய்ச் சொல்லிவரும் அதே சொற்கள்:
பயப்படாதே, ஒண்ணுமில்ல, இந்தா முடிஞ்சிருச்சு.
எதுவும் அவன் காதில் ஏறவில்லை.
ட்யூட்டி முடிந்த கையோடு
காக்கியும் தோல்பையுமாய் நின்றிருந்த வெள்ளைக்கண்ணு
திரையைப் பார்க்க மாட்டாமல்
என் கையிலிருந்து மைக்கைப் பிடுங்கி,
யோசித்தாரா இல்லையா தெரியாது,
"ஹோல்டான்!" என்றார்.

நின்றது வண்டி.

"கோவிலூர். கோவிலூர் எறங்கு.
கூடைக்காரம்மா ஏறுது, வண்டி அசையப்படாது.
ஆத்தா, பாத்து, பாத்து...
படியில நிக்காதீக தம்பி..."
நின்ற வண்டியைச் சுற்றி மெஷின் நடந்தது.
திரையில் மூச்சு மட்டும்
சட்டைப் பொத்தானை ஏற்றி இறக்கியது.
"ரைட்!"
ரைட் என்றால் கால்விரல் ஆட்டலாம்,
அது ஒப்பந்தம்.
பத்து விரலும் ஆடின.

பாதரக்குடி. குன்றக்குடி.
பிள்ளையார்பட்டியில் கூட்டம் அதிகம்,
அங்கேதான் கதிர் நீளம்:
கொழுக்கட்டைத் தூக்கோடு ஒரு குடும்பமே
ஆற அமர ஏறியது.
திங்கட்கிழமை நிஜமாகவே தொடங்கினோம்.
மயக்க டாக்டருக்குப் போன் போட்டு
வரவேண்டாம் என்றேன்.
காலையில் நாலு இட்லி தின்றுவிட்டு வந்தான்.

பதினேழாம் நாள் பங்குனி உத்திரம்,
குன்றக்குடிக்கு ஸ்பெஷல் வண்டி,
வெள்ளைக்கண்ணுவுக்கு லீவு இல்லை.
மைக் என் கையில்.
"ஹோல்டான்" என்றேன்,
கடன் கேட்பதுபோல் வந்தது குரல்.
அசையவில்லை பையன்.
கோவிலூரில் ஆளேற்றினேன்,
குன்றக்குடியில் காவடி ஏற்றினேன்,
திருப்பத்தூர் சேர்ந்ததும்
என் முதுகு நனைந்திருந்தது.

கதவு திறந்து வலையைக் கழற்றினால்
கன்னமெல்லாம் கட்டம் கட்டமாய்த் தடம்,
அதன் நடுவே ஒரு விசாரணை:
"பாதரக்குடியில ஆரும் ஏறலையா?"
"ஏறல."
"எறங்கக்கூட இல்லையா?"

ஞாயிற்றுக்கிழமை டிக்கெட் எடுத்து
ஜன்னலோரம் உட்கார்ந்து
போக ஒரு தடவை, வர ஒரு தடவை,
நிறுத்தங்களை உள்ளங்கையில் எழுதிக்கொண்டேன்.

முப்பதும் முடிந்தது.
ஸ்கேன் மூன்று மாதம் கழித்து;
அதுவரை யாருக்கும் ஒன்றும் தெரியாது.
போர்டு எழுதிய மூஞ்சியை
அப்பாவின் தோல்பைக்குள் திணித்துக்கொண்டு போனான்.
பை மூடவில்லை.

வியாழக்கிழமை இளையான்குடியிலிருந்து ஒருத்தி வருகிறாள்.
ருமைசா, ஐந்து வயசு.
பஸ் என்றால் குமட்டுமாம்.
ஆடுதான் பிடிக்குமாம், மூன்று ஆடு, மூன்றுக்கும் பேர்.
எனக்கு ஆட்டைப் பற்றி ஒன்றும் தெரியாது.
போனில் அவள் அண்ணன் சொல்லச் சொல்ல
எழுதிக்கொண்டிருக்கிறேன்:
எது முட்டும்,
எது கூப்பிட்டால் வரும்,
எது எப்போது
அசையாமல் நிற்கும்.